மேலமாசி வீதியில் விடுபட்ட பெயர்

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடை பூண்டார். ஏழை உழவர் நிலை கண்டு இரங்கினார் என்பதோடு அவ்வரலாற்றை முடித்து விடுகிறோம். அது உண்மையே, முழு உண்மையன்று.

அவ்வாண்டு ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாபத் மாநாடு, ஆங்கிலேயர் படையில் பணிபுரிதல் முஸ்லிம்களுக்கு ஹராம் எனத் தீர்மானித்தது. துருக்கியர் மீதான போருக்கு நம் கைகள் உதவா என்பதே அதன் கருத்து. அத்தீர்மானத்திற்காக மௌலானா முஹம்மது அலீ, காந்தியடிகளுடன் சென்னை வரும் வழியில், செப்டம்பர் 14 அன்று வால்டேரில் கைதானார். அப்போதே தொப்பியையும் சட்டையையும் களைய எண்ணித் தயங்கியதாகக் காந்தியடிகளே எழுதியுள்ளார். எட்டாம் நாள் மதுரையில் அத்தயக்கம் நீங்கிற்று.

அக்டோபரில், அந்நியப் படையில் இருப்பது தேசத்தின் மானத்துக்கு இழுக்கு எனக் காந்தியடிகளும் பிற தலைவர்களும் அறிக்கை விடுத்தனர். மார்க்கக் கடமையாக எழுந்த குரல் நாட்டின் தன்மானக் குரலாயிற்று. கராச்சி வழக்கில் மௌலானாவுடன் சங்கராச்சாரியார் ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 'இந்தியர்' என்னும் சொல் அன்று பொருள் நிறைந்து நின்றது.

நம் மேடைகளோ கிலாபத்தைத் துருக்கியோடு நிறுத்திக் கொள்கின்றன. மதுரைக்குக் கொண்டு வருவதில்லை. பிறர் மறந்தது ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லாதது யார் குற்றம்?