எந்தப் படியால் அளப்பது?

நாவல்களையும் கவிதைகளையும் குறை சொல்லியே பழகிப்போனவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சர்க்கார் அறிக்கையை விமர்சனம் செய்யக் கிளம்பியிருப்பதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அறிக்கையும் ஒருவர் எழுதுகிற எழுத்துத்தான். அதிலும் பாத்திரங்கள் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வும் உண்டு. நான் சொல்லுகிற அறிக்கை, நிதி ஆயோக் 2023 ஜூலையில் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீடு. 2019-21-இல் இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் ஏழைகள் என்றும், தமிழ்நாட்டில் 2.20 பேர் மட்டுமே என்றும் அது சொல்லுகிறது. 2015-16-இல் நமக்கு 4.76 ஆக இருந்ததாம். ஐந்தாறு வருஷத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இதில் சந்தோஷப்பட நிறைய இருக்கிறது; நானும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் அந்த அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு வேப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மேல் இருக்கிற ஊர். விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகிறவர்களும் அங்கே வந்துதான் கடக்க வேண்டும். விடியுமுன்பே வெள்ளாடும் செம்மறியுமாக மைதானம் நிறைந்துவிடும். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்திய வாரங்களில் அங்கே கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிறதென்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நான் போனது ஜூன் மாதத்தில், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை.

ஓர் அம்மாள் இரண்டு கிடாக்குட்டிகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். விற்கிற வயசு வந்த குட்டிகளல்ல. "இன்னும் நாலு மாசம் வச்சிருந்தா தீபாவளிக்கு நல்ல வெலைக்குப் போகுமே அம்மா" என்றேன், எனக்கு ஆடு தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில்.

"தீபாவளி வரைக்கும் ஆடு தாங்கும்யா. பள்ளிக்கூடம் தாங்குமா? வேன் காசு இந்த வாரமே கட்டணும்னுட்டாங்க. செவ்வாக்கெழம குழுக்காசு வேற" என்றாள்.

அவள் புருஷன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கொட்டகையில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவன். எண்ணிக்கைக் கூலி. மழைக்காலம் வந்தால் மண் காயாது. மண் காயாவிட்டால் கூலி இல்லை. இரண்டு பெண் குழந்தைகள்.

அறிக்கையை எடுத்து அவளை அதன்படி அளந்து பார்த்தேன். மனசுக்குள்தான், அவள் முகத்துக்கு எதிரே அல்ல. பன்னிரண்டு கேள்விகள். சத்துக் குறைவு உண்டா, குழந்தை இறந்ததா, பிரசவத்தில் கவனிப்பு இருந்ததா, வீட்டில் பத்து வயசுக்கு மேற்பட்ட யாராவது ஆறு வருஷம் படித்திருக்கிறார்களா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, அடுப்பு எதில் எரிகிறது, கக்கூஸ், குடிதண்ணீர், மின்சாரம், வீடு, சாமான்கள், பாங்குக் கணக்கு. அவள் பேச்சிலிருந்து எனக்குத் தெரிந்த வரையில் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது, காஸ் அடுப்பு இருக்கிறது. கணக்குப்படி அவள் ஏழை அல்ல. ஏழைக்குக் கிட்டத்தில்கூட இல்லை.

இந்தக் கணக்கின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரோக்கியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, கல்விக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு வாழ்க்கைத் தரம் என்ற தலைப்பிலே வருகிற ஏழு விஷயங்களுக்கு. ஆக, ஒவ்வொன்றுக்கும் 21-இல் ஒரு பங்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமை சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் ஏழைக் குடும்பம். நல்ல வீடில்லை, கக்கூஸ் இல்லை, சுத்தமான தண்ணீர் இல்லை, காஸ் இல்லை, சாமான் இல்லை, பாங்குக் கணக்கும் இல்லை. ஆனால் மின்சாரம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு இல்லாமைகள், 21-இல் 6. மூன்றில் ஒரு பங்குக்கு 7 வேண்டும். ஆரோக்கியத்திலும் கல்வியிலும் குறையில்லாவிட்டால் அந்தக் குடும்பம் ஏழை அல்ல. ஒற்றை பல்பு அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது! கம்பி இழுக்காத கிராமமே இல்லை என்று சொல்லத்தக்க தமிழ்நாட்டில், வாழ்க்கைத் தரத்தை மட்டும் கொண்டு ஒருவர் ஏழையாவது அநேகமாக முடியாத காரியம்.

ஆடு அந்தச் சாமான் பட்டியலில் கிடையாது. ரேடியோ இருக்கிறது, மாட்டு வண்டி இருக்கிறது.

இந்தக் குறியீட்டைச் செய்தவர்களைப் பரிகாசம் செய்வது என் நோக்கமல்ல. அவர்களுக்கு முன்னால் இருந்த அளவுகோல் இதைவிட மோசமானது; அது வயிற்றை மட்டுமே அளந்தது. 1962-இல் திட்டக் கமிஷன் கூட்டிய ஒரு குழு, 1960-61 விலையில் ஓர் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று குறைந்தபட்சச் செலவை நிர்ணயித்தது. கல்விக்கும் வைத்தியத்துக்கும் அதில் இடமில்லை. அவற்றைச் சர்க்கார் கொடுக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. பொய்யான நம்பிக்கையென்று நான் சொல்லமாட்டேன். காமராஜர் மதிய உணவு போட்டுப் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு 1979-இல் கிராமத்தானுக்கு 2400 கலோரி, பட்டணத்தானுக்கு 2100 கலோரி என்று கோடு கிழித்தார்கள். ஜனங்கள் தனியார் பள்ளிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் பணம் கட்டத் தொடங்கி வெகு காலமான பிறகும் கோடு சோற்றுப் பானையைச் சுற்றியே நின்றது. 2009-இல் டெண்டுல்கர் குழுதான் கல்விக்கும் வைத்தியத்துக்கும் செய்கிற செலவைக் கணக்கில் சேர்த்தது. அப்படிச் சேர்த்த பிறகும் 2011-இல் சுப்ரீம் கோர்ட்டில் திட்டக் கமிஷன் சொன்ன தொகை, பட்டணத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். தேசம் முழுவதும் சிரித்தது. கோபித்துக்கொண்டே சிரித்தது. 2014-இல் ரங்கராஜன் குழு அதை 47 ஆகவும் 32 ஆகவும் உயர்த்தியது. அதற்கு மேல் சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

அரிசி விலைக்கு வாங்க வேண்டிய ஊரில் வயிற்றுக் கோட்டுக்கு அர்த்தம் உண்டு. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இனாமாகவே கிடைக்கிற தமிழ்நாட்டில், வயிற்றைக் கொண்டு வறுமையை அளப்பது நெல் அளக்கிற மரக்காலால் துணி அளப்பது போன்றது. நம் ராஜ்யம் இந்தியாவுக்குள் ஒரு பணக்கார தேசம். 2022-23 குடும்பச் செலவுக் கணக்கில், நம் கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 5310 ரூபாய். இந்திய கிராமங்களின் சராசரி 3773. பணக்கார தேசங்களுக்கு வந்த சிக்கல் நமக்கும் வந்துவிட்டது.

அந்தச் சிக்கல் முதலில் வந்த இடங்களில் இங்கிலாந்தின் யார்க் நகரமும் ஒன்று. சாக்லேட் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ரௌண்ட்ரீ 1899-இல் அந்த ஊர் ஏழைகளைக் கணக்கெடுத்தார். ஊதாரித்தனத்தால்தான் ஏழையானார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாதென்று, வேண்டுமென்றே மிகக் கறாரான ஒரு கோட்டைப் போட்டார். அந்தக் கோட்டுக்குள் வாழ்கிறவன் பத்திரிகை வாங்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் போடத் தபால் தலை வாங்கக் கூடாது. அதே ரௌண்ட்ரீ 1936-இல் அதே ஊரை மறுபடி கணக்கெடுத்தபோது ரேடியோவையும் பத்திரிகையையும் அவசியச் செலவில் சேர்த்துக்கொண்டார். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு மனிதர் தம் அளவுகோலைத் தாமே திருத்திக்கொண்டதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். அமெரிக்காவில் இது நடக்கவில்லை. மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற உத்தியோகஸ்தர் 1960-களின் ஆரம்பத்தில், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கின்றன என்ற 1955-ஆம் வருஷத்துக் கணக்கை வைத்து, சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு போட்டார். விலைவாசி ஏறின அளவுக்கு அந்தக் கோட்டை ஏற்றிக்கொண்டு வருகிறார்களே தவிர, அந்த மூன்று அப்படியே நிற்கிறது.

ஐரோப்பியர்கள் வேறு வழி போனார்கள். எல்லோரையும் வருமான வரிசையில் நிற்கவைத்து, நடுவில் நிற்கிறவரின் வருமானத்தில் நூற்றுக்கு 60-க்குக் கீழே இருப்பவர்களை வறுமை அபாயத்தில் இருப்பவர்கள் என்றார்கள். மனிதன் தன் ஊரோடு ஒட்டி வாழ முடிகிறதா என்பதுதான் கேள்வி என்று பீட்டர் டவுன்சென்ட் 1979-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஆடம் ஸ்மித் 1776-லேயே லினன் சட்டையை வைத்து இதைச் சொல்லியிருக்கிறார்: அது இல்லாமல் நாலுபேர் முன்னால் வர அன்றைய கூலிக்காரன் வெட்கப்படுவான், ஆகவே அது அவசியப் பொருள். நம் அம்மாளின் பள்ளிக்கூட வேன் அந்த லினன் சட்டைதான். இலவசப் பள்ளிக்கூடம் இருக்கும்போது வேன் எதற்கு என்று கேட்கிற பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் அறுபது சதவிகிதக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து தாழ்ந்தால் கோடும் சேர்ந்து தாழும். 2010-11-இல் பிரிட்டனில் நடுவாள் வருமானம் இறங்கியதால் வறுமை குறைந்ததாகப் புள்ளிவிவரம் வந்தது. ஒருவர் வாழ்க்கையும் மேம்படவில்லை. பஞ்சம் வந்து ஊரே பட்டினி கிடந்தாலும் இந்தக் கோடு மூச்சு விடாது. பசி எங்கேயும் பசிதான், பக்கத்து வீட்டைப் பார்த்து அளக்க வேண்டியதல்ல என்று டவுன்சென்டோடு அமர்த்தியா சென் சண்டை போட்டது நியாயம்தான். வெட்கமில்லாமல் நாலுபேர் முன் நடமாடும் சக்தி எல்லா ஊரிலும் ஒன்றே, அதற்கு ஆகிற செலவுதான் ஊருக்கு ஊர் மாறும் என்றார் சென். இவர்கள் எல்லோரிலும் எனக்குப் பிடித்தது இந்த வாதம்தான்.

ஆனாலும் அந்தச் சந்தையில் நான் பார்த்த ஒன்று சென்னிடமும் இல்லை.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்பிக்க ஒரு சர்க்கார் நிறுவனமும் இருக்கின்றன. அந்தப் படிப்புப் படித்தவர்களுக்குச் செகர் கூம்பைத் தெரிந்திருக்கும். 1886-இல் ஹெர்மன் செகர் என்ற ஜெர்மானியர் செய்தது. பாத்திரம் எந்த மாதிரிப் பொருள்களால் ஆனதோ அதே மாதிரிப் பொருள்களால் ஒரு சின்னக் கூம்பு செய்து, பாத்திரங்களோடு சூளைக்குள் வைத்துவிடுவார்கள். சூடும் அது நீடித்த நேரமும் சேர்ந்து போதுமான அளவுக்கு வந்ததும் கூம்பு தலை சாயும். வெப்பமானி அந்த நிமிஷத்துச் சூட்டைத்தான் சொல்லும். எவ்வளவு நேரம் வெந்தது என்பதைக் கூம்புதான் சொல்லும். நம் கணக்கெடுப்புகள் எல்லாம் வெப்பமானிகள். கணக்கெடுக்கிறவர் வந்த அன்று டெலிவிஷன் இருந்ததா, இருந்தது. மண் காயாத ஐப்பசி கார்த்திகையில் அந்த வீடு எப்படி வெந்தது என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. நூற்றுக்கு 2.2 பேரே ஏழைகளாக உள்ள இந்த ராஜ்யத்தில்தான், கடன் வசூலிக்கப் போகிறவர்கள் பலவந்தம் செய்வதைத் தடுக்க 2025-இல் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது. அது யாருடைய வீட்டு வாசலுக்காக?

வியாபாரி வந்தார். குட்டியின் முதுகை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கறி எவ்வளவு தேறும் என்று கை சொல்லிவிடும். ஒரு விலை சொன்னார். அவள் கூடக் கேட்டாள். அவர் பதில் பேசாமல் அடுத்த ஆட்டைப் பார்க்க நகர்ந்தார். அவள் கூப்பிடவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவரே திரும்பி வந்து அதே விலையைச் சொன்னார். முதலில் பிடித்துப் பார்த்தது ஆட்டை. இப்போது பார்த்தது அவளை. குட்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடிகிறவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்று அந்த மைதானத்தில் ஆயிரம் பேருக்கு நடுவில் அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு கேள்விகள் அவருக்குத் தேவைப்படவில்லை. வறுமையை அளக்க என்னிடம் யோசனை கேட்டால், எதை விற்றீர்கள், எப்போது விற்றீர்கள், விற்காமல் இருந்திருக்க முடியுமா என்ற மூன்றையும் பதின்மூன்றாவது கேள்வியாகச் சேர்க்கச் சொல்வேன். நிபுணர்கள் இதற்கு எண் கொடுப்பது கஷ்டம் என்பார்கள். வியாபாரி எண்தான் கொடுத்தார், ரூபாயில்.

அவள் கயிற்றைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு குட்டிகளைக் கொடுத்தாள். நோட்டுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சுருக்குப் பையிலும் ஒரு பங்கை முந்தானை முடிச்சிலும் வைத்தாள். எது வேனுக்கு, எது செவ்வாய்க்கிழமைக்கு என்று நான் கேட்கவில்லை. "நீங்க எந்த ஆபீசுய்யா?" என்று அவள்தான் கேட்டாள். கையில் இருந்த அறிக்கையைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். கதை எழுதுகிறவன் என்றேன். "ஆட்டக் கணக்கெடுக்க வந்தீங்களோன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு விருத்தாசலம் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.