பாலடினுக்கு என்னதான் தெரிகிறது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விதிப்புத்தகங்களில் மந்திரப் புலன்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பதிப்பு வாரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இருட்டில் பார்ப்பது, மாயமாக மறைந்தவரைப் பார்ப்பது, தீமையை உணர்வது, இதெல்லாம்தான். 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே தீமையைக் கண்டறியும் மந்திரம் உண்டு. அதைத் திருத்தித் திருத்தி எழுதியதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்த ஆட்டத்தில் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வாயால் சொல்வதுதான் காட்சி. அப்படியானால் மந்திரக் கண் என்பது என்ன? ‘இந்தக் கேள்வியை நான் கேட்டால் நீ மழுப்பாமல் பதில் சொல்லணும்’ என்று ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் உரிமை. எந்தக் கேள்வி, எவ்வளவு பதில்? ஒரு புலன் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எனக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்.

2000-இல் வந்த 3ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அறத்துக்காகச் சபதம் எடுத்த போர்வீரரான பாலடின், எத்தனை தடவை வேண்டுமானாலும் தீமையைக் கண்டறியலாம். எதிரே 60 அடி தூரம் புலன் விரியும். முதல் சுற்றில் தீமை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும். இரண்டாவதில் எத்தனை, அதில் பெரியது எவ்வளவு வலுவானது என்று தெரியும். மூன்றாவதில்தான் எது எங்கே என்று தெரியும். ஒரு சுற்று 6 விநாடி; ஆக மொத்தம் 18 விநாடி. பதில் தவணை தவணையாக வருவதால், நடுவில் ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். ‘எவ்வளவு பதில்’ என்பதில் இது ரொம்ப நல்ல விதி.

ஆனால் கேள்வியே தப்பு. அந்த மந்திரம் அலைன்மென்ட்டைப் படிக்கிறது, அதாவது பாத்திரம் நல்லவனா கெட்டவனா என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும் குறிப்பை. ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் மேல் மந்திரம் ‘தீமை’ என்று காட்டுகிறது என்று வையுங்கள். அவர் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. பாலடின் என்ன செய்வது? செயலுக்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிட்டதே! விசாரிக்க வேண்டும், சாட்சி தேட வேண்டும், சந்தேகப்பட வேண்டும் என்ற அவசியம் எதுவும் ஆட்டக்காரருக்கு மிச்சமில்லை. கொலை மர்மக் கதை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வேறு வழியில்லாமல் கொலைகாரனுக்கு அலைன்மென்ட்டை மறைக்கும் மந்திரம் ஒன்றைக் கொடுத்துவிடுவார். மெல்லிய ஈயத்தகடு இந்தப் புலனைத் தடுக்கும் என்று விதி சொல்வதால் சுவருக்குள் ஈயம் வைப்பவரும் உண்டு. விதி கொடுத்த உரிமையைப் பின்வாசல் வழியாகப் பிடுங்கும் வேலைதான் இது.

2014-இன் 5ஆம் பதிப்பு கேள்வியையே மாற்றியது. மந்திரத்தின் பெயரில் தீமையும் நன்மையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அது இப்போது தேடுவது உயிரின வகையை. தேவர்கள், நரகப் பிசாசுகள், இறந்தும் நடமாடுபவை உட்பட மொத்தம் 6 வகை. மனிதக் கொலைகாரன் பக்கத்திலேயே நின்றாலும் ஒன்றும் காட்டாது. பாலடினின் சொந்தப் புலனோ மேலே சொன்ன மூன்று வகையை மட்டும் உணரும்: 60 அடிக்குள் இருக்க வேண்டும், முழுசாக மறைப்புக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வகை தெரியும், ஆள் தெரியாது. விதியே உதாரணமும் தருகிறது: ரத்தக்காட்டேரி ஸ்ட்ராட் பிரபு. விருந்துக்கூடத்தில் செத்தும் சாகாத ஒன்று இருக்கிறது என்று பாலடினுக்குத் தெரியும். அது எந்த ஸ்ட்ராட் என்று தெரியாது. இந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. எனக்கு இது பெரிய முன்னேற்றம்.

குறை பெயரில் இருக்கிறது. மனதைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு போய், பிறவியைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு வந்துவிட்டது போல அந்தப் பெயர் காட்டுகிறது. திருந்திய பிசாசும் அதில் மாட்டும், திருந்தாத பிசாசும் மாட்டும். விதி ‘இது இன்ன வகை’ என்று மட்டும்தான் சொல்கிறது. ‘தீமை’ என்று சொல்வது தலைப்பு. மேசையில் ஆட்டக்காரர்கள் காதில் விழுவதோ தலைப்புதான். 2024 திருத்தத்திலும் பெயரை மாற்றவில்லை.

அதே திருத்தம் இன்னொரு பிழையைச் சரிசெய்தது. 2014 விதிப்படி மாயமாக மறைந்தவரைத் தாக்கினால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மறைந்தவரைப் பார்க்கும் மந்திரத்தைப் போட்டிருந்தாலும், எழுத்துக்கு எழுத்து படித்தால், அந்தத் தண்டனை போகாது! பார்க்கிறாய், ஆனால் பார்த்ததால் பயனில்லை. யார் பார்க்க முடிகிறதோ அவர்மேல் மறைந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2024-இல்தான் தெளிவாக எழுதினார்கள்.

மேசையில் நாமே கெடுத்துவைத்திருக்கும் புலனும் ஒன்று உண்டு: இருட்டுப் பார்வை. விதிப்படி காரிருள் அவர்களுக்கு மங்கல் வெளிச்சம் போலத்தான், நிறம் தெரியாது, கண்ணால் தேடும் பகடையிலும் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். பல குழுக்களில் ‘எனக்கு டார்க்விஷன் இருக்கு’ என்றதும் பட்டப்பகல் ஆகிவிடுகிறது. தீப்பந்தம் பிடிப்பதா, வெளிச்சத்தால் காட்டிக்கொடுக்கப்படுவதா என்ற நல்ல சிக்கல் அங்கேயே செத்துப்போகிறது.

ஆட்டம் நடத்துபவர்களுக்கு என் யோசனை இதுதான். புலன் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், அதற்கு அர்த்தம் சொல்லாதீர்கள். ‘அவன் கெட்டவன்’ வேண்டாம். ‘அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம், நரகத்தைச் சேர்ந்த ஒன்று நிற்கிறது’ என்று நிறுத்துங்கள். வாளை உருவுவதா, போய்ப் பேசிப்பார்ப்பதா என்பதை பாலடின் ஆடுபவர் யோசிக்கட்டும்.