ஸையிதுனாவும் அவர் மாணவரும்

எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் (1889–1973) எழுதிய “அல்-அய்யாம்” என்னும் தன்வரலாற்றைப் பாராட்டுவோர் பெரும்பாலும் ஒன்றையே பேசுகின்றனர். கண்ணிழந்த கிராமத்துச் சிறுவர் பல்கலைக்கழக ஆசிரியராகி, 1950இல் நாட்டின் கல்வி அமைச்சராகவும் உயர்ந்தார் என்பதே அது. உண்மைதான். ஆயினும் 1929இல் நூலாக வெளிவந்த முதற்பாகத்தைப் படிக்குந்தோறும், இஃது ஆசிரியர்களைப் பற்றிய நூல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவருள் முதல்வர், கிராமத்து மக்தபில் ஓதிக்கொடுத்த ஸையிதுனா. தாமும் ஏறத்தாழப் பார்வையற்றவர். இரு மாணாக்கர் தோளில் கைவைத்து, உரத்த குரலில் பாடிக்கொண்டே தெருவில் செல்வார். தம் குரல் இனியது என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது! சிறுவன் ஒன்பது வயது நிறையுமுன் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்து, வீட்டாரால் ‘ஷெய்கு’ என்று அழைக்கப்படுகிறான். பிறகு கவனிப்பாரின்றி மறந்தும் போகிறான். ஒருநாள் தந்தையார் ஓதச் சொல்கிறார். ஷுஅரா சூராவின் தொடக்கத்தைத் தாண்டி நா நகரவில்லை. அடுத்து நம்லு, அடுத்து கஸஸ். எதிலும் அதே கதி. தந்தையார் கோபிக்கவில்லை, அமைதியாக எழுந்து போகச் சொல்கிறார். மறந்த தன்னை நோவதா, கவனியாது விட்ட ஸையிதுனாவை நோவதா, சோதித்த தந்தையாரை நோவதா என்று சிறுவனுக்கு விளங்கவில்லை.

சிறுவன் எதையும் மறக்கவில்லை என்று ஆணையிட்டுச் சொல்கிறார் ஸையிதுனா. இவ்விடத்தில் நகைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோர் பலர். பழைய ஓதற்பள்ளிகளைத் தாக்குதற்கு இப்பகுதியை எடுத்தாள்வோரும் உளர். இருசாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். பிள்ளை ஓதி முடித்தால் ஆடையும் காலணியும் தலைப்பாகையும் பொற்காசும் வந்துசேரும் என்று காத்திருந்தவர் அவர். பிள்ளை மறந்தான் என்றால் அவர் வீட்டு அடுப்பும் மறந்துவிடும். வீடு வீடாக எதிர்பார்த்து நிற்குமாறு ஓர் ஆசிரியரை வைத்துவிட்டு, அவர் வாயிலிருந்து மெய்யை மட்டும் எதிர்பார்ப்பது எந்த நியாயம்? ஓதிக்கொடுப்பவருக்கு மாதந்தோறும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நம் வீடுகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். தாஹா இதை வெளிப்படையாய்க் கேட்கவில்லை. நகைப்பு மிகுந்து பரிவு குறைந்துவிட்டது என்பதே இப்பகுதியில் நாம் காணும் குறை. எனினும் விவரங்களை மறைக்காமல் வைத்துச் சென்ற நேர்மை அவருடையது. அவ்விவரங்களால்தான் அவரோடு நாம் வாதாட முடிகிறது.

இரண்டாம் பாகத்து அல்-அஸ்ஹரில் நிலைமை வேறு. சேர்க்கைக்கான ஓதல் தேர்வில், குருடன் என்றே விளித்துச் சிறுவனைப் புண்படுத்தும் ஒருவர் வருகிறார். ஹமாஸாவையும் முபர்ரதின் காமிலையும் பாடஞ்சொன்ன ஷெய்கு ஸையித் அல்-மர்ஸஃபியும் வருகிறார். இவரும் வறியவரே, இடிந்த வீட்டில் இருந்தவர். ஆனால் பாடத்தில் தம் கருத்தை அஞ்சாமல் சொன்னார். மூத்தோர் உரையை ஆராயாமல் ஏற்கலாகாது என்று பழக்கினார். 1914இல் அபுல் அலா அல்-மஅர்ரியைப் பற்றி ஆய்வெழுதி எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவரானதற்கும், 1919இல் பிரான்சிலிருந்து மீண்டு அங்கேயே ஆசிரியராய் அமர்ந்ததற்கும் வித்து இந்த வகுப்பிலேதான் விழுந்தது என்று நாம் கருதுகிறோம். வறுமை ஒன்றே ஸையிதுனாவைப் பொய்யராக்கிற்று என்று மேலே நாம் சொன்னதற்கு மர்ஸஃபி ஒரு தடை எழுப்புகிறார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மர்ஸஃபியின் ஊதியம் மாணவர் தந்தையரின் கையில் இருக்கவில்லை.

நூல் நெடுகிலும் ‘நான்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘சிறுவன்’, ‘நம் நண்பர்’ என்றே தம்மைக் குறிக்கிறார் தாஹா. இதனைக் கூச்சம் என்பர் சிலர். தம்மைத் தாமே ஒரு மாணவனைப் போல் எதிரே அமர்த்திப் பார்க்கும் ஆசிரியரின் வழக்கம் என்பது நம் கருத்து.

முதற்பாகத்தின் இறுதி இயல் மட்டும் தம் ஒன்பது வயது மகளை நோக்கிப் பேசுகிறது. அல்-அஸ்ஹரில் வாரக்கணக்கில் ரொட்டியும் கரும்புப் பாகுமே உண்டு கிடந்ததை அவளிடம் சொல்கிறார். விடுமுறையில் ஊர் சென்றபோது, பெற்றோர் மனம் நோகலாகாது என்று, தாம் நன்றாக உண்டு நலமாக வாழ்வதாக அவர்களிடம் புனைந்து சொன்னதையும் சொல்கிறார். ஸையிதுனா ஆணையிட்டதும் அந்தத் தந்தையாரிடம்தான்.