தேய்ப்பு வண்டியும் கிளாஸ்கோ மேடையும்

2021 நவம்பர் 2ஆம் தேதி, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் திருவண்ணாமலை எஸ்.கே.பி. வனிதா இன்டர்நேஷனல் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பேசிய உரையை இந்த வாரம் மூணு தடவை கேட்டேன். காரணம் இருக்கு. சாத்தான்குளம் சுத்துவட்டாரத்தில் 'இன்டர்நேஷனல்' பலகை மாட்டாத பள்ளியைத் தேட வேண்டியிருக்கு. அங்கே படிச்சு முடிச்ச பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 'கிளைமேட் புராஜெக்ட்' ஒண்ணு சொல்லுங்கன்னு என்கிட்ட வருதாக. முன்மாதிரியா அவங்க எல்லாரும் காட்டுறது இந்த உரையைத்தான். அதனால இதை ஒரு படைப்பா எடுத்து விமர்சிக்கணும்னு தோணுச்சு. விமர்சனம் அந்தப் பிள்ளை மேல் இல்லை; அந்த உரை எந்த அச்சில் வார்க்கப்பட்டதோ அந்த அச்சு மேல்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: தெருவில் துணி தேய்க்கிறவர் கரி எரிப்பதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வினிஷா வடிவமைத்தார். 2019இல் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது, 2020இல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு, 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அப்புறம் இளவரசர் வில்லியம் அழைப்பில் கிளாஸ்கோ மேடை. வெறும் வாக்குறுதி கொடுக்கும் தலைவர்கள் மேல் கோபப்பட நேரமில்லை, செயலில் இறங்கணும் என்பதுதான் உரையின் சாரம். பேச்சு நல்லாவே இருக்கு. தயக்கமில்லை, அழுகை நாடகம் இல்லை.

இப்போ எண்களுக்கு வருவோம், நமக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே. இந்தியாவில் 1 கோடி தேய்ப்பு வண்டிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு 5 கிலோ கரி: இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய எல்லாச் செய்தியிலும் வர்ற கணக்கு இது. 140 கோடி ஜனத்துக்கு 1 கோடி வண்டின்னா 140 பேருக்கு ஒண்ணு. 20 ஆயிரம் பேர் இருக்கிற ஒரு பேரூரில் 140 வண்டிக்கு மேல் நிக்கணும். எங்க பஜாரையும் சுத்துத் தெருக்களையும் நடந்து பாத்தா ரெண்டு கை விரலுக்குள்ள அடங்கிரும். கிராமங்களில் வண்டியே கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டணும்னா நகரங்களில் முக்குக்கு முக்கு நாலு நிக்கணும். உலக மேடை வரைக்கும் போன எண்ணை வழியில் ஒரு ஆசிரியரோ, நடுவரோ, நிருபரோ இப்படி வகுத்துப் பார்த்த அடையாளம் இல்லை.

ஆனா கண்டுபிடிப்பு தப்புன்னு சொல்லிர முடியாது. ஒரு கிலோ கரியில் சுமார் 8 யூனிட் வெப்பம். 5 கிலோன்னா 40 யூனிட். மின்சாரப் பெட்டி 1000 வாட்டுன்னு வைங்க, தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைச்சே வைக்கும். 6 மணி நேரத்துக்கு 3 யூனிட் போதும். மீதி எல்லாம் காத்துல போற சூடு, தேய்க்கிறவர் நெஞ்சுக்குள்ள போற புகை. 5 மணி நேர வெயிலில் 3 யூனிட் எடுக்க 600 வாட் பலகை, அதாவது சுமார் 3 சதுர மீட்டர். வண்டிக் கூரையில் இடம் நெருக்கடிதான், ஆனாலும் நடக்கக்கூடியது. வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்துற அண்ணாச்சியை நாள் முழுக்க வெயிலுக்கு இழுக்கணும் என்கிறதுதான் சிக்கல்.

அடுத்து, மரம் வெட்டுறாங்க என்ற வாதம். எந்த மரம்? தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே விளாத்திகுளம் பக்கமும் ராமநாதபுரத்திலும் மூட்டம் போடுறது சீமைக்கருவேலத்தை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டி ஒழிக்கச் சொன்ன அதே மரம்! வெட்டினா மறுபடி துளிர்க்கும். அதை நம்பி மானாவாரிக் காட்டில் கரிமூட்டம் போட்டு வயித்தைக் கழுவுற ஜனம் இருக்கு. எங்க பக்கம் பல வண்டிகளில் எரியுறது தேங்காய்ச் சிரட்டை. இந்த நுணுக்கம் எதுவும் மேடைக்குப் போகலை. கரின்னா காடழிப்புன்னு ஒரே வரியில் முடிஞ்சுபோச்சு. வேடிக்கை என்னன்னா, அதே ஆண்டு அதே 'சுத்தமான காற்று' பிரிவில் 10 லட்சம் பவுண்டு எர்த்ஷாட் பரிசை வென்றது டெல்லியின் டகாச்சார். பயிர்க் கழிவை வயலிலேயே எரிபொருளாகவும் உரமாகவும் மாத்துற எந்திரம் அது.

எனக்குப் பெரிய உறுத்தல் வேற இடத்தில். அந்த உரை நடந்த சமயத்தில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உடன்குடி அனல் மின் நிலையம் கட்டிக்கிட்டிருந்தாங்க. 660 மெகாவாட் அலகு ரெண்டு, நிலக்கரி இறக்கக் கல்லாமொழிக் கடலுக்குள்ள பாலம். யூனிட்டுக்கு அரைக் கிலோ நிலக்கரின்னு வச்சாலும் முழு வீச்சில் ஓடும் நாளில் 15,800 டன். நாட்டில் உண்மையில் 10 லட்சம் கரி வண்டி இருந்தா அத்தனையும் சேர்ந்து 5,000 டன். ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு நிலையம் அதைப் போல மூணு மடங்கு! புதைபடிவ எரிபொருளுக்குப் பணம் போடாதீங்கன்னு உரை பொதுவாச் சொல்லுது, அது சரி. ஆனா முகம் கொடுத்துக் காட்டுனது வண்டிக்காரரை மட்டும்தான்.

பள்ளி சொல்லிக்கொடுக்கிற அச்சு இதுதான்: தெருவில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடி, தீர்வு ஒண்ணு செய், மேடையில் விளக்கு. தெருவில் கண்ணுக்குப் படுறவர் எப்பவும் ஏழை. அந்தக் கதையில் தேய்க்கிறவருக்குப் பேர் இல்லை, சாதி இல்லை, ஒரு வாக்கியம்கூட இல்லை. பரம்பரையா வண்ணார் சமூகத்தார் செய்யும் வேலை இது. அவங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை இலவசத் தேய்ப்புப் பெட்டி கொடுத்துவந்தது, பிறகு கேஸ் பெட்டிக்கு மாறியது. கரியை விட்டு அவங்க ஏற்கெனவே நகர ஆரம்பிச்சாச்சு. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா உரையின் பாதி மாறியிருக்கும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்னுபோச்சு. அந்த வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில், தேய்ப்பு வண்டின்னுதான் எழுதிட்டு வருதாக. தாமிரபரணி வெள்ளநீரை இங்கத்த தேரிக்குக் கொண்டுவர 75 கிலோமீட்டர் கால்வாய் வெட்டியிருக்கே, 2009இல் தொடங்கி 2025இல்தான் திறந்தாங்களே, அது ஏன் அவ்வளவு இழுத்துச்சுன்னு எழுதேன்னு ஒருத்தன்கிட்ட சொன்னேன். "அதுல என் சொல்யூஷன் என்ன மாமா?" என்றான்.