கடன்கொண்ட வடிவமும் கைவிட்ட களரியும்

பிற பண்பாடுகளிலிருந்து கலைவடிவங்களைக் கடன்கொள்வது தனித்தன்மையைச் சிதைத்துவிடும் என்னும் அச்சம் நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. அவ்வச்சத்தின் தகுதியை அறிய ஈழத்து அரங்க வரலாற்றை நோக்குதல் பயன்தரும்.

கொழும்பின் வடபாகத்திலே, மட்டக்குளி தொடக்கம் கொட்டாஞ்சேனை வரை, தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்க மக்கள் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துவருகின்றனர். சிங்களக் கரையோரத்தில் வளர்ந்த 'நாடகம' என்னும் ஆடல்பாடல் வடிவம் இத்தகைய அயலுறவின் விளைவே. தமிழ்க் கூத்தின் அமைப்பையும் இசையையும் உட்கொண்டே அது உருவாயிற்று. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அதனை அடிப்படையாகக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றினார். ஜப்பானிய அரங்கிலிருந்து அவர் பெற்ற தூண்டுதலும் அதற்குத் துணைநின்றது. இவ்வாறு இருவழியிற் கடன்பட்ட இந்நாடகமே நவீன சிங்கள அரங்கின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

'மனமே'யின் வெற்றி தமிழருக்கும் ஒரு விழிப்பைத் தந்தது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைத் தழுவிக் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' (1967) ஆகியவற்றைத் தயாரித்தார். பாமரர் கலையென ஒதுக்கப்பட்ட கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்புக் கிடைத்தது. நம்மிடமிருந்து சென்ற வடிவமே அயலார்வழித் திரும்பி நம்மை நமக்கு உணர்த்தியது எனலாம். இதுவரை கடனால் விளைந்தது நன்மையே.

எனினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஒன்றிரண்டு மணிநேரத்துள் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டுமே திறந்த ஐரோப்பியப் படச்சட்ட மேடையாயிற்று. வட்டத்துக்கென அமைந்த ஆட்டக்கோலங்கள் ஒருதிசை நோக்கித் திருப்பப்பட்டன. ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் இடையிலிருந்த நெருக்கம் தளர்ந்தது. நகர மண்டபங்களும் கற்றோர் சுவையும் இம்மாற்றத்தை வேண்டின என்பது உண்மையே. ஆயினும், கூத்தின் தூய்மை பற்றி விவாதித்தோருட் பலர் மேடையே ஓர் இரவற்பொருள் என்பதைக் கருத்திற் கொள்ளவில்லை.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. ஜப்பானிய அரங்கை நாடிய சரச்சந்திர, தாம் கொள்வது இன்னதென அறிந்தே கொண்டார். படச்சட்ட மேடையையோ நாம் அரங்கின் இயல்பான வடிவமென எண்ணி ஏற்றுக்கொண்டோம். அறிந்து கொள்ளும் கடனைச் சீர்தூக்கலாம், வேண்டாதபோது விலக்கலாம். அறியாது கொண்ட கடனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பின்னாளில் மட்டக்களப்புச் சீலாமுனையில் அண்ணாவிமாரோடும் ஊர்மக்களோடும் இணைந்து மேற்கொள்ளப்பட்ட கூத்து மீளுருவாக்க முயற்சிகள், களரியையும் அதனைச் சூழ்ந்த சமூகத்தையும் மீண்டும் விவாதப்பொருளாக்கின.

ஆதலின், கடன்கொள்ளலாமா என்பதிலும், எதனைக் கொண்டோம், அதற்காக எதனைக் கைவிட்டோம் என்பதே திறனாய்வாளர் எழுப்ப வேண்டிய வினாவாகும். பல்கலைக்கழக மேடையிற் கூத்தாடும் மாணவர் ஒவ்வொருவரும் அதனைத் தம்மிடமே கேட்டல் வேண்டும்.