40 ஏக்கரும் பஞ்சமி நிலமும்

1865 ஜனவரியில் அமெரிக்கத் தளபதி ஷெர்மன், விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்குக் கடலோரத்தில் தலா 40 ஏக்கர் வரை ஒதுக்கி உத்தரவிட்டார். அதே ஆண்டில் ஜனாதிபதி ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். இயக்குநர் ஸ்பைக் லீ தன் கம்பெனிக்கு அந்த வாக்குறுதியையே பெயராக வைத்தார். படம் எதைப் பற்றியதானாலும் டைட்டிலில் அந்தக் கடன் வந்து நிற்கும்.

நம்ம கடன்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். அப்படியும் நிலம் கைமாறியது. மாமல்லபுரம் அருகே காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) பஞ்சமி என்ற சொல்லை எல்லார் வாயிலும் கொண்டுவந்தது. பெரிய விஷயம்தான். ஆனா படம் முடியும்போது அப்பா மகனுக்குச் சொல்வது, படி என்று. நிலத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாதாம். நாமும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வர்றோம். படிப்பு வேணும், சரி. அதுக்காக நிலத்தை ஏன் விட்டுக்கொடுக்கணும்? லீ கணக்கைத் திறந்தே வைக்கிறார். ‘அசுரன்’ ஆறுதல் சொல்லி மூடிவிடுகிறது.