தெபால்: எழுத்து மாறிப் பிறந்த சொல்

லில்லி, டியூலிப் பூக்களின் ஆறு இதழ்களைப் புல்லியில் சேர்ப்பதா, அல்லியில் சேர்ப்பதா என்ற பிணக்கு 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்களைப் பிரித்தது. லில்லிக்குப் புல்லியே இல்லை, ஆறும் அல்லி என்றார் லின்னேயஸ். ஆறும் புல்லிதான் என்பது 1789இல் ஜுஸ்ஸியுவின் கட்சி. இருவரும் பார்த்தது ஒரே பூ.

புல்லி, அல்லி என்று பிரித்தறிய முடியாத இதழுக்கு ஜெனீவாவின் தாவரவியலாளர் டி கண்டோல் 1827இல் தந்த ‘தெபால்’ என்ற சொல் இந்த வழக்கைத் தேவையற்றதாக்கியது. பிரெஞ்சில் அல்லியிதழ் ‘பெதால்’, புல்லியிதழ் ‘செபால்’. பெதாலின் முதல் இரு மெய்களை இடம் மாற்றினால் தெபால். அவ்வளவுதான் அதன் பிறப்பு.

மற்ற இரண்டுக்கும் வம்சாவளி உண்டு. பெதால், இலை அல்லது தகடு என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. செபாலை 1790இல் ஆக்கிய நெக்கர், மூடி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லைப் பெதாலோடு ஒட்டினார். வேர்ச்சொல் பிரியர்களுக்குச் செபால்தான் உயர்ந்த ஆக்கம். தெபால் வெறும் எழுத்து விளையாட்டு. ஆனால் மூடி என்று பெயர் வைத்தால், மூடாத இதழை என்ன செய்வது? தெபால் இதழின் வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அல்லியோடும் புல்லியோடும் உள்ள உறவை ஓசையால் காட்டி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. கிரேக்கம் தெரியாமல் செய்த காரியமும் அல்ல இது: 1813இல் ‘டாக்சானமி’ என்ற சொல்லைக் கிரேக்க வேர்களிலிருந்து கட்டியவரும் இதே டி கண்டோல்தான்.

சொல்லின் அருமை செங்காந்தளில் நன்றாகத் தெரியும். நெளிந்து மேல்நோக்கி மடங்கிய ஆறு தெபால்கள் பச்சையாகத் தொடங்கி மஞ்சளேறிச் சிவக்கின்றன. பச்சையைப் பார்த்தவர் புல்லி என்பார், சிவப்பைப் பார்த்தவர் அல்லி என்பார், இதழ் மாறவில்லை. பல மக்னோலியாக்களில் எல்லா இதழ்களும் ஒன்றுபோல் இருப்பதால் எல்லைக்கோடு போடவே இடமில்லை. வெங்காயப் பூவும் இந்தக் கூட்டம்தான்.

தமிழில் ‘பூவிதழ்’ என்பதும் பொருத்தமே, அந்த எழுத்துக் குறும்பு மட்டும் அதில் வராது. இவ்வளவு கச்சிதமான சொல் இருந்தும், லில்லிக்கு ‘ஆறு அல்லியிதழ்கள்’ என்று எழுதும் தோட்டக்கலை நூல்கள் லின்னேயஸ் காலத்திலேயே நின்றுவிட்டன.